டாக்கர் போட்ட சர்வர் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சு கோளாறு எங்கன்னு பிடிக்கிற வழி

டாக்கர்ங்கிறது ஆப்புகள கண்டெய்னர்ங்கிற தனித்தனி டப்பால போட்டு ஓட்டுற மென்பொருள். அத இன்ஸ்டால் பண்றது அஞ்சு நிமிஷ வேலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது உண்மை தான், ஆனா அதுக்கப்புறம் ஒண்ணு ஓடாது, ஓடுனா நெட் வராது, நெட் வந்தா டிஸ்க் ரொம்பிடும், உடனே நம்ம ஆளுங்க கண்டெய்னருக்குள்ள பூந்து நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. நான் பாத்த வரைக்கும் கோளாறு பெரும்பாலும் கீழ இருக்கிற சர்வர்ல தான் இருக்கும். கண்டெய்னர்ங்கிறது தனி மெஷின் கிடையாது, அதுக்குன்னு சொந்தமா கர்னல் (சிஸ்டத்தோட மையப்பகுதி) இல்ல, சர்வரோட கர்னல், சர்வரோட ஃபயர்வால், சர்வரோட கடிகாரம், எல்லாமே இரவல். அதனால என்ன எர்ரர் வந்தாலும் மொதல்ல சர்வர பாருங்க. கீழ இருக்கிறது எல்லாம் உபுன்டு, டெபியன் சர்வர மனசுல வச்சு எழுதுனது, ரெட்ஹேட் பக்கம் மாறுற எடத்துல மட்டும் தனியா சொல்றேன்.

இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குது

"டாக்கர்-சிஇ பேக்கேஜுக்கு கேண்டிடேட் இல்ல"ன்னு வந்தா டாக்கரோட ரெப்போ (பேக்கேஜ் எடுக்கிற கிடங்கு) சரியா சேரலன்னு அர்த்தம். லினக்ஸ் மின்ட் மாதிரி உபுன்டு மேல கட்டுன டிஸ்ட்ரோ வச்சிருக்கவங்களுக்கு இது அடிக்கடி வரும், ஏன்னா ரெப்போ லைன்ல மின்ட்டோட பேரு போய் உக்காந்துக்கும், டாக்கர் சர்வர்ல அந்தப் பேர்ல எதுவும் இருக்காது. /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் ஃபைல தொறந்தா உபுன்டு கோட்நேம்னு தனியா ஒரு வரி இருக்கும், ரெப்போவுல அதைப் போடுங்க, ஜம்மி, நோபிள் அந்த மாதிரி. "பப்ளிக் கீ இல்ல"ன்னு வந்தா கீ ஃபைல் /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்ல இருக்கா, எல்லாரும் படிக்கிற மாதிரி பெர்மிஷன் இருக்கா, ரெப்போ லைன்ல சைன்டு-பைக்கு நேரா அதே பாத் இருக்கான்னு பாத்துட்டா முடிஞ்சுது.

உபுன்டு சர்வர் இன்ஸ்டாலர் கடைசில ஸ்னாப் (உபுன்டுவோட இன்னொரு பேக்கேஜ் முறை) லிஸ்ட் ஒண்ணு காட்டும், அதுல டாக்கரும் இருக்கும், நல்லது தானேன்னு டிக் அடிச்சிட்டு அப்புறம் ஆப்ட்லயும் இன்னொரு டாக்கர் போட்டு வச்சிருப்பாங்க. அப்போ நேத்து ஓடுன கண்டெய்னர் இன்னைக்கு லிஸ்ட்லயே இருக்காது, ஏன்னா நீங்க பேசிட்டு இருக்கிறது வேற டாக்கர் கூட. 'விச் டாக்கர்'னு கேட்டு பாத்ல ஸ்னாப்னு வந்தா, 'ஸ்னாப் லிஸ்ட்'லயும் பாத்துட்டு, எந்த டேட்டா எதுக்குள்ள இருக்குன்னு தெளிவா தெரிஞ்சுகிட்டு, வேணுங்கிறத வெளிய எடுத்து வச்சிட்டு, ஒண்ண தூக்கிடுங்க. ஸ்னாப் டாக்கர் ஹோம் டைரக்டரிக்கு வெளிய இருக்கிற ஃபைல எடுக்காது, அதனால சர்வர்ல அது எனக்குப் பிடிக்காது.

இன்னொரு கேஸ், ரொம்ப மலிவா கெடைக்குதேன்னு ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வாங்கிருப்பீங்க, என்ன பண்ணாலும் டாக்கர் ஸ்டார்ட் ஆகாது. 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' அடிச்சு பாருங்க. கேவிஎம்னு வந்தா பிரச்சனை இல்ல. ஓபன்விஇசட்னு வந்தா கர்னல் உங்களுது இல்ல, கம்பெனியோடது, அவங்க அனுமதிச்சா தான் எதுவும் நடக்கும். அங்க மல்லுக்கட்டி நேரத்த வீணடிக்காம கேவிஎம் பிளானுக்கு மாறிடுங்க.

"பெர்மிஷன் டினைடு", சாக்கெட்ட தொட முடியல

சாக்கெட்ங்கிறது டாக்கர் கூட பேசுற வாசல் ஃபைல், அதத் தொட யூசர டாக்கர் க்ரூப்ல சேக்கணும். 'யூசர்மாட்' கமாண்ட்ல சின்ன ஏவும் பெரிய ஜியும் சேந்து வரணும், ஏவ விட்டுட்டு ஜி மட்டும் போட்டா அந்த யூசர் ஏற்கனவே இருந்த க்ரூப்ல இருந்தெல்லாம் வெளிய போயிடுவாரு, சூடோவும் சேந்து போயிடும், அப்புறம் ரூட் பாஸ்வேர்ட் தேடி அலையணும். சேத்ததுக்கு அப்புறம் லாகவுட் பண்ணி திரும்ப வந்தா தான் வேலை செய்யும். இணையத்துல சில பேரு சாக்கெட் ஃபைலுக்கு 666 பெர்மிஷன் குடுங்கன்னு சொல்லுவாங்க, அதக் காதுலயே வாங்காதீங்க. டாக்கர் க்ரூப்ல இருக்கிறவர் நெனச்சா சர்வரோட மொத்த ரூட் டிஸ்க்கையும் ஒரு கண்டெய்னர்ல மவுன்ட் பண்ணி என்ன வேணா செய்யலாம், அதாவது அந்த க்ரூப்பே ரூட்டுக்கு சமம், யார சேக்கறோம்னு யோசிச்சு சேக்கணும்.

"டாக்கர் டீமனோட கனெக்ட் ஆக முடியல, டீமன் ஓடுதா?"

டீமன்ங்கிறது பின்னணில ஓடுற டாக்கர் சர்வீஸ். எர்ரரே கேள்வியும் கேக்குது, பதில நாம போய் பாக்கணும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டாக்கர்' காட்டுற பத்து வரில உண்மையான காரணம் பெரும்பாலும் இருக்காது, "ரொம்ப வேகமா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆகுது"ன்னு தான் இருக்கும், அது விளைவு, காரணம் இல்ல. 'ஜர்னல்சிடிஎல்'ல டாக்கர் யூனிட்ட மட்டும் எடுத்து மேல போய் பாருங்க, மொதல் ஃபெயில் எங்க வருதோ அங்க தான் விஷயம் இருக்கும்.

அநேகமா /ஈடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன் ஃபைல்ல ஒரு கமா கூடியிருக்கும் இல்ல கொறஞ்சிருக்கும். ஜேசன்ல கடைசி வரிக்கு அப்புறம் கமா வரக்கூடாது, கமென்ட் எழுதக்கூடாது. 'டாக்கர்டி'ய வேலிடேட் ஆப்ஷனோட ஓட்டுனா ஃபைல் சரியா இல்லையான்னு சொல்லிடும், ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே இத பண்ணிட்டா ஓடிட்டு இருக்கிறது படுக்காது. ஜேசன் சரியா தான் இருக்கு, ஆனாலும் "ஒரே செட்டிங் ஃபிளாக்லயும் ஃபைல்லயும் இருக்கு"ன்னு திட்டுதுன்னா, ஃபைல்ல ஹோஸ்ட்ஸ்னு எழுதிருப்பீங்க, சிஸ்டம்டி யூனிட்லயும் பெரிய ஹெச் ஃபிளாக் ஏற்கனவே இருக்கும், ரெண்டும் மோதுது. ஹோஸ்ட்ஸ் வரிய எடுத்துட்டா போதும். இங்க ஒண்ணு சொல்லணும், வெளிய இருந்து டாக்கர கன்ட்ரோல் பண்ணனும்னு 2375 போர்ட்ட தொறந்து விடுறவங்க இன்னும் இருக்காங்க, அதுல பாஸ்வேர்டும் இல்ல என்க்ரிப்ஷனும் இல்ல, கிரிப்டோ மைனிங் பண்ற தானியங்கி ப்ரோக்ராமுங்க இந்தப் போர்ட்ட தேடியே சுத்திட்டு இருக்கு. எஸ்எஸ்ஹெச் வழியாவே டாக்கர் கன்ட்ரோல் பண்ணலாம், அது போதும்.

கண்டெய்னர் ஓடுது, உள்ள இருந்து நெட் வரல

இதுக்கு ஒரே காரணம்னு சொல்ல முடியாது, அதனால வரிசையா போகணும். ஒரு பிஸிபாக்ஸ் கண்டெய்னர ஓட்டி 8.8.8.8-க்கு பிங் பண்ணுங்க, அப்புறம் ஏதாவது ஒரு டொமைன் பேருக்கு பிங் பண்ணுங்க.

நம்பருக்குப் போகுது, பேருக்குப் போகலன்னா டிஎன்எஸ் (பேர நம்பரா மாத்துறது) தான் கோளாறு. உபுன்டுல /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் பாத்தா 127.0.0.53-ன்னு இருக்கும், அது சர்வருக்குள்ள மட்டும் செல்லுற விலாசம், கண்டெய்னருக்குள்ள 127-ன்னா அது கண்டெய்னரையே குறிக்கும். டாக்கர் இதப் புரிஞ்சுகிட்டு சிஸ்டம்டி வச்சிருக்கிற நிஜ லிஸ்ட்ட எடுத்துக்கும், ஆனா வேற லோக்கல் டிஎன்எஸ் எதாவது கைல போட்டு வச்சிருந்தீங்கன்னா அதுக்கு எதுவும் கெடைக்காம கூகுளோட 8.8.8.8-க்குப் போயிடும், ஆபீஸ் நெட்வொர்க்ல வெளி டிஎன்எஸ் பிளாக் பண்ணிருந்தா அங்கயே செத்துடும். டீமன்.ஜேசன்ல டிஎன்எஸ்னு ஒரு வரி, ஆபீஸோட டிஎன்எஸ் விலாசத்தோட, போட்டா சரியாயிடும்.

நம்பருக்கே போகலன்னா ஃபார்வர்டிங் பாருங்க, 'சிஸ்சிடிஎல்'ல ஐபி ஃபார்வர்ட் 1-ன்னு இருக்கணும். டாக்கர் ஸ்டார்ட் ஆகும்போது அதுவே ஆன் பண்ணிக்கும், ஆனா செக்யூரிட்டி டீம் குடுத்த ஹார்டனிங் ஸ்கிரிப்ட்ட அப்புறமா ஓட்டுனா அது ஆஃப் பண்ணிட்டுப் போயிடும். ஃபயர்வால ரீலோட் பண்ணி டாக்கர் போட்ட ரூல் எல்லாம் அழிஞ்சிருந்தாலும் இதே அறிகுறி தான், டாக்கர ரீஸ்டார்ட் பண்ணா ரூல் திரும்ப வந்துடும்.

வெளி உலகம் எல்லாம் போகுது, ஆபீஸ் சர்வர் ஒண்ணுக்கு மட்டும் போகல, இல்லன்னா இன்னும் மோசம், 'டாக்கர் கம்போஸ் அப்' (பல கண்டெய்னர ஒரு ஃபைல்ல எழுதி ஒண்ணா ஏத்துறது) அடிச்ச நொடில உங்க எஸ்எஸ்ஹெச்சே கட் ஆயிடுச்சுன்னா, சப்நெட் (ஐபி விலாச வரிசை) மோதுது. டாக்கர் மொதல்ல 172.17.0.0/16 எடுத்துக்கும், நீங்க ஒவ்வொரு கம்போஸ் ப்ராஜெக்ட் ஏத்தும்போதும் 172.18, 172.19-ன்னு பெரிய பெரிய துண்டா எடுத்துட்டே போகும், அது தீந்தா 192.168 பக்கம் வரும். உங்க ஆபீஸ் விபிஎன் 172.20-ல இருந்தா, மூணாவது ப்ராஜெக்ட் ஏத்துற அன்னைக்கு சர்வர் விபிஎன்னுக்கு பதில் சொல்ல வேண்டிய பாக்கெட்ட தனக்குள்ளயே அனுப்பிக்கும். நேத்து வரைக்கும் நல்லா தானே இருந்துச்சுன்னு கேக்குற கேஸ்ல பாதி இது தான். புது சர்வர்னா மொத வேலையா டீமன்.ஜேசன்ல டீஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ் போட்டு யாரும் தொடாத ஒரு எடத்த சின்னச் சின்ன /24 துண்டா பிரிச்சுக் குடுத்துடுங்க, டீஃபால்ட் ப்ரிட்ஜோட விலாசமான பிஐபியும் மாத்திடுங்க. ஏற்கனவே உருவான நெட்வொர்க் பழைய நம்பர்லயே தான் இருக்கும், அத அழிச்சு திரும்ப உருவாக்கணும்.

கடைசியா ஒரு விசித்திரமான கேஸ். பிங் போகுது, டிஎன்எஸ் வருது, ஆனா 'ஆப்ட் அப்டேட்' பாதில அப்படியே நிக்குது, ஹெச்டிடிபிஎஸ் சைட் எதுவும் தொறக்க மாட்டேங்குது, எர்ரரும் வரல. இது எம்டியு, ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற அளவு. டாக்கர் 1500-ன்னு எடுத்துக்கும், ஆனா சர்வரோட நெட்வொர்க் கார்டு ஓபன்ஸ்டேக் மாதிரி க்ளவுட்ல 1450, கூகுள் க்ளவுட்ல 1460, வயர்கார்டு வழியா போனா 1420-ன்னு கம்மியா இருக்கும். சின்ன பாக்கெட் போயிடும், பெருசு வழில தொலஞ்சிடும், அதனால தான் பிங் நல்லா வருது. 'ஐபி லிங்க்' அடிச்சு சர்வர் கார்டோட எம்டியு எவ்வளவுன்னு பாத்து அதையே டாக்கருக்கும் குடுங்க. இதுல ஒரு கண்ணி இருக்கு, டீமன்.ஜேசன்ல போடுற எம்டியு டீஃபால்ட் ப்ரிட்ஜுக்கு மட்டும் தான், கம்போஸ் உருவாக்குற நெட்வொர்க்குக்கு கம்போஸ் ஃபைல்ல நெட்வொர்க் பகுதில டிரைவர் ஆப்ஷனா தனியா போடணும். போட்டேன் மாறலன்னு சொல்றவங்க இத விட்டிருப்பாங்க.

யூஎஃப்டபிள்யூல அடச்ச போர்ட் வெளிய இருந்து தொறந்திருக்கு

யூஎஃப்டபிள்யூங்கிறது உபுன்டுவோட ஃபயர்வால் கருவி. இந்தக் கோளாற அறிகுறின்னு யாரும் கவனிக்கவே மாட்டாங்க, ஏன்னா எதுவும் உடையாது, எல்லாம் நல்லா ஓடும், ஒரு நாள் டேட்டாபேஸ் காலியாகி பிட்காயின் கேட்டு ஒரு டேபிள் மட்டும் இருக்கும். 2017 ஆரம்பத்துல பாஸ்வேர்ட் இல்லாம இன்டர்நெட்ல தொறந்து கெடந்த மாங்கோடிபி சர்வர்ங்க ஆயிரக்கணக்குல இப்படி தான் அழிஞ்சுது.

என்ன நடக்குதுன்னா, போஸ்ட்க்ரெஸ் கண்டெய்னருக்கு 5432:5432-ன்னு போர்ட் போடுறீங்க, அது 0.0.0.0-ல, அதாவது எல்லா விலாசத்துலயும் தொறக்கும். டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல (கர்னலோட ஃபயர்வால் ரூல்) நேரா நாட் டேபிள்ல ரூல் எழுதி பாக்கெட்ட கண்டெய்னர் பக்கம் திருப்பி விட்டுடும். யூஎஃப்டபிள்யூ போடுற தடை எல்லாம் இன்புட் செயின்ல நிக்குது, பாக்கெட் அங்க வரவே வராது. முன்வாசல்ல வாட்ச்மேன் கம்போட நிக்கிறாரு, கொல்லைக் கதவு வழியா ஆள் போய் வந்துட்டு இருக்குது, அந்தக் கதை தான். 'யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' பாத்தா எல்லாம் டினைன்னு அழகா இருக்கும், அதப் பாத்து நம்பக்கூடாது, வேற ஒரு நெட்வொர்க்ல இருந்து, மொபைல் டேட்டால இருந்து கூட, உங்க சர்வர் ஐபிய ஸ்கேன் பண்ணி பாருங்க.

சரி பண்றது சுலபம். டேட்டாபேஸ அதே கம்போஸ்ல இருக்கிற ஆப் மட்டும் தான் தொடும்னா போர்ட் வரியே வேணாம், கண்டெய்னருங்க ஒண்ணுக்கொண்ணு பேரச் சொல்லியே பேசிக்கும். சர்வர்ல இருந்து நீங்க பாக்கணும்னா 127.0.0.1:5432:5432-ன்னு போடுங்க. நிஜமாவே வெளிய தொறக்கணும், ஆனா சில ஐபிக்கு மட்டும்னா டாக்கர்-யூசர் செயின்ல ரூல் எழுதணும், அங்க வர்றதுக்குள்ள போர்ட் நம்பர் மாறி கண்டெய்னரோட உள் போர்ட்டா ஆகியிருக்கும்ங்கிறத ஞாபகம் வச்சு எழுதுங்க. க்ளவுட்னா அவங்க குடுக்கிற வெளி ஃபயர்வால்லயே அடச்சிடுறது இன்னும் நிம்மதி. டீமன்.ஜேசன்ல ஐபிடேபிள்ஸ் ஃபால்ஸ்னு போட்டா தீந்துதுன்னு சொல்ற ஆலோசனையும் சுத்திட்டு இருக்கு, அப்படிப் போட்டா கண்டெய்னருக்கு வெளி நெட்டே போயிடும், மேல சொன்ன பகுதிய மொதல்ல இருந்து படிக்க வேண்டியது தான்.

டிஸ்க் ரொம்பிடுச்சு

'டிஎஃப்' அடிச்சா நூறு சதம், உடனே /வார்/லிப்/டாக்கர் உள்ள போய் ஓவர்லே2 ஃபோல்டர்ல கை வைக்கத் தோணும். வைக்காதீங்க, அங்க இருக்கிற லேயர் எல்லாம் ஒண்ண நம்பி ஒண்ணு இருக்கு, ஒண்ண அழிச்சா அஞ்சு இமேஜ் (கண்டெய்னர உருவாக்குற அச்சு) போயிடும். அங்க 'டியு' போட்டு கூட்டுனா கணக்கும் தப்பா வரும், ஓடுற கண்டெய்னரோட மெர்ஜ்டு ஃபோல்டர் ஏற்கனவே எண்ணுனதையே திரும்ப எண்ண வைக்கும். 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' அடிங்க, இமேஜ் எவ்வளவு, வால்யூம் (கண்டெய்னர் டேட்டா வைக்கிற எடம்) எவ்வளவு, பில்ட் கேஷ் எவ்வளவுன்னு சொல்லிடும்.

அதுல எல்லாம் கம்மியா காட்டுது, ஆனா டிஸ்க் ஃபுல்னா கண்டெய்னர் லாக் தான். டாக்கர் சும்மா போட்டபடி விட்டா ஜேசன் ஃபைலா லாக் எழுதும், அதுக்கு அளவே கிடையாது, மாசக்கணக்கா ஓடுற ஒரு கண்டெய்னர் பல ஜிபிக்கு லாக் வச்சிருக்கும். /வார்/லிப்/டாக்கர்/கண்டெய்னர்ஸ் உள்ள பெரிய லாக் ஃபைல் எதுன்னு தேடி 'ட்ரன்கேட்' கமாண்டால சைஸ் 0 பண்ணுங்க, ஆர்எம் போட்டு அழிச்சா டாக்கர் அந்த ஃபைல தொறந்து வச்சிருக்கிறதால எடம் திரும்ப வராது. அப்புறம் டீமன்.ஜேசன்ல லாக்-ஆப்ட்ஸ்ல மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3-ன்னு போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரீஸ்டார்ட் மட்டும் பத்தாது, பழைய கண்டெய்னர் பழைய செட்டிங்லயே ஓடும், அத அழிச்சு திரும்ப உருவாக்குனா தான் புதுசு ஏறும்.

'சிஸ்டம் ப்ரூன்' அடிக்கிறதுக்கு முன்னாடி 'டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ' ஒரு தடவ பாருங்க, நிறுத்தி வச்சிருக்கிற கண்டெய்னர் எல்லாம் அதுல போயிடும். டிஸ்க்ல எடம் இருக்கு, ஆனாலும் எடம் இல்லன்னு சொல்லுதுன்னா 'டிஎஃப் மைனஸ் ஐ' போடுங்க, ஐநோடு, அதாவது ஃபைல் எண்ணிக்கைக்கான எடம், தீந்திருக்கும்.

டேட்டாவ பெரிய டிஸ்க்குக்கு மாத்தறவங்க டேட்டா-ரூட் மாத்துவாங்க, புது வெர்ஷன்ல கண்டெய்னர்டி (டாக்கருக்கு அடியில கண்டெய்னர ஓட்டுற மென்பொருள்) இமேஜ் ஸ்டோர் ஆன்ல இருந்தா இமேஜ் எல்லாம் /வார்/லிப்/கண்டெய்னர்டில இருக்கும், டேட்டா-ரூட் மாத்துனா அது கூட வராது, அதையும் தனியா மாத்தணும்.

வால்யூம்ல எழுத முடியல

உள்ள ஓடுற ப்ராசஸோட யூசர் நம்பரும் வெளில ஃபோல்டரோட ஓனர் நம்பரும் ஒத்துப் போகல, அவ்வளவு தான். பேரப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க. 777 குடுத்து முடிச்சிடலாம்னா போஸ்ட்க்ரெஸ் அந்த டேட்டா ஃபோல்டரோட ஸ்டார்ட்டே ஆகாது, அதுக்கு 0700 இல்லன்னா 0750 தான் வேணும். ரெட்ஹேட், ஃபெடோரா, ராக்கி பக்கம் நம்பர் எல்லாம் சரியா இருந்தும் எழுத முடியலன்னா எஸ்இலினக்ஸ்ங்கிற செக்யூரிட்டி பூட்டு தான் காரணம், வால்யூம் வரியோட கடைசில பெரிய இசட் சேருங்க. எஸ்இலினக்ஸ மொத்தமா ஆஃப் பண்றது தீர்வு இல்ல, /ஹோம் மாதிரி பொது ஃபோல்டருக்கு அந்த இசட் போடுறதும் ஆபத்து, லேபில் எல்லாம் மாறி சர்வரே தடுமாறும்.

கண்டெய்னர் தானா சாவுது

எக்ஸிட் கோட் 137-ன்னா மெமரி பத்தலன்னு உடனே முடிவு பண்ணிடுவாங்க. 137-ங்கிறது 128-ம் 9-ம், யாரோ சிக்னல் 9 அனுப்பிக் கொன்னுட்டாங்கன்னு மட்டும் தான் அது சொல்லுது. 'டாக்கர் ஸ்டாப்' அடிச்சு பத்து செகண்ட்ல ஆப் நிக்கலன்னாலும் அதே 137 தான் வரும். 'டாக்கர் இன்ஸ்பெக்ட்'ல ஓஓஎம்கில்டு ட்ரூன்னு இருக்கா, 'டிமெசேஜ்'ல அவுட் ஆஃப் மெமரின்னு இருக்கா பாத்துட்டு சொல்லுங்க. 1 ஜிபி விபிஎஸ்ல மைஎஸ்க்யூஎல்லும் ஒரு ஜாவா ஆப்பும் சேத்து ஓட்டுனா இருக்கத் தான் செய்யும்.

"எக்ஸெக் ஃபார்மேட் எர்ரர்"னா ஆர்ம் சிப் இருக்கிற மேக்புக்ல பில்ட் பண்ண இமேஜ இன்டெல் சர்வர்ல ஏத்திருப்பீங்க, பிளாட்ஃபார்ம் குறிப்பிட்டு திரும்ப பில்ட் பண்ணுங்க. எலாஸ்டிக்சர்ச் வந்து வந்து செத்தா சர்வர்ல விஎம் மேக்ஸ் மேப் கவுன்ட்ட 262144 ஆக்குங்க, கர்னல் செட்டிங்ங்கிறதால கண்டெய்னருக்குள்ள மாத்த முடியாது. இமேஜ் இழுக்கும்போதே சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடி ஆகலன்னு எர்ரர் வந்தா சர்வர் கடிகாரம் தப்பு, 'டைம்டேட்சிடிஎல்' பாருங்க.

ரீபூட்டுக்கு அப்புறம் எதுவும் எழுந்திரிக்கல

ரெட்ஹேட் குடும்பத்துல டாக்கர் சர்வீஸ நீங்க தான் எனேபிள் பண்ணனும், உபுன்டுல தானா ஆகியிருக்கும். கம்போஸ் ஃபைல்ல ரீஸ்டார்ட் வரி இல்லன்னா கண்டெய்னர் எழுந்திரிக்காது, அன்லெஸ்-ஸ்டாப்டு போடுங்க.

எல்லாம் எழுந்திருச்சு, ஆனா டேட்டாபேஸ் புத்தம்புதுசா காலியா இருக்குன்னா பதறாதீங்க, எதையும் அழிக்கவும் செய்யாதீங்க. தனி டிஸ்க்ல டேட்டா வச்சிருப்பீங்க, அந்த டிஸ்க் மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடியே டாக்கர் கிளம்பி, வெறும் ஃபோல்டரப் பாத்து அதுலயே புது டேட்டாபேஸ் போட்டிருக்கும். டாக்கர நிறுத்தி, டிஸ்க்க மவுன்ட் பண்ணி, திரும்ப கிளப்புனா பழைய டேட்டா அங்கயே இருக்கும். திரும்ப நடக்காம இருக்க 'சிஸ்டம்சிடிஎல் எடிட் டாக்கர்' போட்டு யூனிட் பகுதில ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார்ங்கிற செட்டிங்க நடுவுல கோடு இல்லாம சேத்து எழுதி அந்த பாத்தக் குடுங்க, டிஸ்க் வராம டாக்கர் கிளம்பாது.

குபர்நெட்டிஸ் போடப் போய் மாட்டிக்கிட்டா

பல சர்வர்ல கண்டெய்னருங்கள நிர்வகிக்கிறது குபர்நெட்டிஸ், அத கியூப்ஏடிஎம்ங்கிற கருவி வழியா போடுறவங்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. ஒவ்வொரு சர்வர்லயும் ஓடுற அதோட ஏஜென்ட் கியூப்லெட் விழுந்து விழுந்து எழுந்தா ஸ்வாப் ஆன்ல இருக்கும், ஆஃப் பண்ணி எஃப்எஸ்டேப்லயும் எடுங்க, இல்லன்னா அடுத்த ரீபூட்ல திரும்ப வந்து நிக்கும். "ரன்டைம் சர்வீஸ் தெரியல"ன்னு வந்தா, டாக்கர் ரெப்போல இருந்து வந்த கண்டெய்னர்டியோட கான்ஃபிக்ல சிஆர்ஐ (குபர்நெட்டிஸ் அது கூட பேசுற வழி) டிசேபிள்னு இருக்கும், டாக்கருக்கு அது தேவையில்லங்கிறதால அப்படி வச்சிருக்காங்க. 2022-ல வந்த 1.24-ல இருந்து குபர்நெட்டிஸ் டாக்கர் வழியா போகாம நேரா கண்டெய்னர்டி கூட பேசுறதால இங்க அது வேணும். கண்டெய்னர்டியோட டீஃபால்ட் கான்ஃபிக்க புதுசா எழுதி, அதுல சிஸ்டம்டி-சிக்ரூப்ப ட்ரூ ஆக்குங்க. இந்த ரெண்டாவத மறந்தா க்ளஸ்டர் வந்த மாதிரி வந்து சில நிமிஷத்துல பாட் (குபர்நெட்டிஸ் ஓட்டுற கண்டெய்னர் தொகுப்பு) எல்லாம் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிக்கும், லாக்ல தெளிவா எதுவும் இருக்காது.

ப்ரிட்ஜ்-என்எஃப் ஃபைல் இல்லன்னு ப்ரீஃப்ளைட்ல திட்டுனா பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூல ஏத்துங்க, /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி-லயும் எழுதி வைங்க. கோர்டிஎன்எஸ் பென்டிங்லயே நிக்குதா, கேலிகோ, ஃப்ளானல் மாதிரி நெட்வொர்க் ப்ளக்இன் எதையும் இன்னும் போடல. 'கியூப்சிடிஎல்' லோக்கல்ஹோஸ்ட் 8080-ல யாரும் இல்லன்னு சொன்னா க்ளஸ்டர் செத்துடலை, உங்க யூசருக்கு அட்மின் கான்ஃபிக் ஃபைல் காப்பி ஆகல, அவ்வளவு தான். அடுத்த நாள் இன்னொரு நோட சேக்கப் போய் டோக்கன் செல்லலன்னா அதோட ஆயுசே 24 மணி நேரம் தான், கன்ட்ரோல் ப்ளேன்ல 'டோக்கன் கிரியேட்' அடிச்சு ஜாயின் கமாண்ட்ட புதுசா எடுத்துக்கோங்க.